நாலு பேருக்கு மேல் கூடாத கல்யாணம்

அம்மாடி,

உன் நைனாவாகிய நான், கடல் சாட்சியாக, காற்று சாட்சியாக, கொல்லையில் கட்டியிருக்கிற நம் வெள்ளாடு சாட்சியாக உறுதி கூறித் தொடங்குகிறேன். இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதை உலகத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நீ நம்பமாட்டாய். உன்னைக் கட்டப்போகிற வேப்பம்பட்டுப் பிள்ளை, பாவம், மாமனார் என்கிற மரியாதைக்காக ரெண்டு பக்கம் நம்புவார், மூன்றாவது பக்கத்தில் உன்னைப் பார்த்துச் சிரிப்பார். உன் அம்மா இந்தக் கதைக்குள்ளேயே இருந்தவள். அவளிடம் படித்துக் காட்டினால், "இன்னா மனுசன்யா நீ, நானே நம்பல"ன்னு எழுந்து போய்விடுவாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் குறுக்கே பேச ஆள் இருக்காது. படித்துவிட்டு யாருக்கு வேண்டுமானாலும் கொடு. ஊரே படிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பத்திரிகைக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நீ கேட்டாய், "ஏன் நைனா, உங்க கல்யாணத்துல ஒரு போட்டோ கூட எடுக்கலியா?" என்று. என் அழகைப் பார்த்துக் கேமரா வெடித்துவிட்டது என்று நான் சொன்னேன். நீ சிரித்தாய். உன் அம்மா சிரிக்கவில்லை, பாலை இறக்குகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். அடுப்பில் பாலே இல்லை. அப்போதே உன்னைப் பார்த்து நினைத்தேன், இவள் ஆயிரம் பேருக்குப் பத்திரிகை அடித்திருக்கிறாள், ஆயிரம் பேர் ஒரு இடத்தில் கூடி உட்கார்ந்து சாப்பிடுவது என்றால் என்ன என்று இவளுக்குத் தெரியவேண்டும் என்று. உங்களுக்கெல்லாம் கூட்டம் என்பது மழை மாதிரி, தானாக வருகிறது. நாங்கள் ஒருமுறை கூட்டம் கூடுவதற்குப் பட்ட பேஜார் இருக்கிறதே, அதைச் சொன்னால் மழையே கேட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விடும்.

எழுபத்தொன்றாம் வருஷம் என்று வைத்துக்கொள். அப்போது நாம் செங்கல்பட்டு ஜில்லா. திருவள்ளூர் என்றால் அமாவாசைக்குக் குளத்தில் முழுக்குப் போடப் போகிற ஊர். கும்மிடிப்பூண்டி என்றால் ரயில் நின்று மூச்சு வாங்குகிற ஊர். பிற்பாடு நான் இருபது வருஷம் இரும்புக் கம்பி இழுத்த கம்பெனி இருக்கிறதே, அந்த இடத்தில் அன்றைக்குக் கள்ளிச்செடியும் ஓணானும்தான் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தன. நாங்கள் ஏரி ஓரத்து ஆட்கள். பழவேற்காட்டு ஏரி அந்தக் காலத்தில் பசிபிக் சமுத்திரத்தைவிடக் கொஞ்சம்தான் சிறியது. நீளம் அவ்வளவு, அகலம் அவ்வளவு, ஆழம் மட்டும் முழங்கால். அதில் விழுந்து செத்தவன் கிடையாது, வெட்கப்பட்டவன் உண்டு. மார்கழிக் காற்றில் அந்த உப்புத்தண்ணீர் வாசனையும், தூரத்தில் பூநாரைகள் ரோஜா நிறத்தில் கோடு போட்ட மாதிரி நிற்பதும், இன்றைக்கும் கம்பெனி சங்கு ஊதும்போது எனக்கு ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போகும்.

அந்த ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை வைக்க முடியாது. இறால், நம்ம பேச்சில் எறா, ஓடுகிற வழி ஒவ்வொன்றுக்கும் பாடு என்று பேர். இன்றைக்கு இந்தப் பாட்டில் இவன், நாளைக்கு அவன் என்று முறை. அந்த முறையை வருஷத்துக்கு ஒருதரம் கோயில் முன்னால் குலுக்கிப் போடுவார்கள். கல்யாண வயசு வந்த ஆம்பிளை ஒவ்வொருத்தனும் ஒரு தலைக்கட்டு. ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் ஒரு கிளிஞ்சல், அதில் அவனவன் அடையாளம் கீறியிருக்கும். எல்லாவற்றையும் ஒரு மண்பானையில் போட்டுக் குலுக்கி ஒன்று ஒன்றாக எடுக்கவேண்டும். முதலில் வருகிறவனுக்கு முதல் நாள். இதில் ஒரே ஒரு சட்டம்தான், ஆனால் அது மலையைவிடக் கனமானது. கிளிஞ்சல் வெளியே வருகிறதை எல்லாத் தலைக்கட்டும் ஒரே நேரத்தில் கண்ணால் பார்த்திருக்கவேண்டும். ஒருத்தன் பார்க்கவில்லை என்றாலும் குலுக்கல் செல்லாது. யார் கையால் எடுத்தால் என்ன, எத்தனை கண் பார்த்தது என்பதுதான் கேள்வி.

அந்த வருஷம்தான் என் கிளிஞ்சல் முதல் தடவை பானைக்குள் போகவேண்டிய வருஷம். அது போனால்தான் எனக்குக் கல்யாணம். உன் அம்மாவைப் பெற்ற தாத்தா எனக்குத் தாய்மாமன், கூடப் பிறந்த அக்காவின் பிள்ளைதானே என்று பெண்ணைத் தூக்கிக் கொடுக்கிற மனுஷன் இல்லை. அவர் சிரித்ததை ஊரில் ஒரே ஒருத்தர் பார்த்ததாகவும், அவருக்கு அன்றைக்கே காய்ச்சல் கண்டதாகவும் பேச்சு. என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "டேய், பாடு இல்லாதவனுக்குப் பொண்ணு இல்ல. கிளிஞ்சல் பானையில விழட்டும், தையில தாலி. இந்த வருசம் விழலன்னா நான் யாருக்கும் காத்துக்கினு இருக்கமாட்டேன். சூளூர்ப்பேட்டையிலேந்து கேட்டுக்கினு கீறாங்க." சூளூர்ப்பேட்டைக்காரன் நல்ல டப்பு உள்ள பார்ட்டி. அவன் வீட்டில் மூன்று படகு. என்னிடம் இருந்தது மூன்று புளுகு, அதிலும் ரெண்டு பழசு.

அந்த நேரம் பார்த்துச் சண்டை வந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறேன் என்று தெரிந்துதான் எதிரி நாட்டுக்காரன் சண்டைக்கு வந்தான் என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். கடலோரம் என்பதால் எங்களுக்கு உத்தரவு மேல் உத்தரவு. பொழுது சாய்ந்தால் விளக்கு கூடாது. பொழுது சாய்ந்தால் படகு தண்ணீரில் இருக்கக் கூடாது. எறா ராத்திரியில்தான் வலைக்கு வரும், பகலில் நம்மைப் பார்த்துப் பல்லை இளித்துக்கொண்டு போகும், அதை எந்த அதிகாரிக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. மேளம் கூடாது, வெடி கூடாது, புரளி பேசக் கூடாது. அம்மாடி, கடைசியாகச் சொன்னது எனக்கென்றே போட்ட உத்தரவு. அறுபத்தைந்தில் ஒரு சண்டை நடந்ததே, அப்போது நான் டீக்கடையில் ஒரு கதை விட்டிருந்தேன். எதிரி நாட்டு நீர்மூழ்கிக் கப்பல் நம்ம ஏரிக்குள் வந்து முழங்கால் தண்ணீரில் மாட்டிக்கொண்டது, நாங்கள் பத்துப் பேர் தள்ளிவிட்டோம், போகும்போது கேப்டனுக்கு எறா தொக்கு கட்டிக்கொடுத்தோம் என்று. நம்ம ஊர் ஏட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு எனக்கு டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்தார். எழுபத்தொன்றில் அதே கடையில் அதே கதையை எடுத்தேன். "எதிரி நாட்டு..." என்று வாயைத் திறந்ததுமே அதே ஏட்டு என் வாயைப் பொத்தினார். "டேய் டேய், இது இப்போ கேசுடா. போயிடு." ஒரே கதை, ஒரே கடை, ஒரே ஏட்டு. அன்றைக்குத்தான் எனக்குச் சண்டை என்றால் என்ன என்று கொஞ்சம் புரிந்தது. குண்டு எங்கேயோதான் விழுகிறது, ஆனால் இங்கே டீக்கடையில் சிரிப்பு நின்றுபோகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய உத்தரவு, நாலு பேருக்கு மேல் ஒரு இடத்தில் கூடக் கூடாது என்பது. இதைப் பார்த்துக்கொள்ள எங்கேயோ மேட்டுக்காட்டு ஊரிலிருந்து ஒரு சின்ன வயசு எஸ்.ஐ. வந்திருந்தார். கெட்ட மனுஷன் இல்லை. ஏரியைப் பார்த்ததே இல்லை, பயந்துபோயிருந்தார், பயந்தவன் கையில் விசில் இருந்தால் அது ஓயாது. ஊர்ப் பெரியவர் போய்ப் பவ்யமாகக் கேட்டார்: "சார், ஒரே ஒரு காலை வேளை. கோயில் வாசல்ல ஊர் கூடணும். குலுக்கிப் போட்டுட்டுக் கலைஞ்சிடுவோம்."

"நாலு பேருக்கு மேல கூடினா உள்ள வெச்சிடுவேன். புரியுதா?"

"சார், எங்க கோயில்ல சாமியே அஞ்சு பேரு."

"சாமியை விடுய்யா. ஆளுங்களைச் சொல்றேன்."

சரி, சட்டத்துக்குள்ளேயே செய்வோம் என்று பெரியவர் ஒரு யுக்தி பண்ணினார். அது எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் தோன்றாத யுக்தி. பெரியவர் பானையோடு கோயிலுக்குள் உட்கார்ந்துகொள்வது, மூன்று மூன்று பேராக உள்ளே போவது, தங்கள் கிளிஞ்சல் வருகிற வரைக்கும் பார்த்துவிட்டு வெளியே வந்து அடுத்த மூன்று பேரை அனுப்புவது. சினிமாக் கொட்டகையில் டிக்கெட் வாங்குகிற மாதிரி காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் அமைதியாக நடந்தது. எஸ்.ஐ. தூரத்தில் நின்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துத் திருப்தியாகப் போய்விட்டார். சாயந்திரம்தான் தெரிந்தது. ஒவ்வொருத்தனும் அவனவன் கிளிஞ்சல் வெளியே வந்ததைத்தான் பார்த்திருக்கிறான், அதற்கு முன்னால் யார் வந்தான் என்று பார்க்கவில்லை. "எனக்கு முன்னாடி எவனும் வர்ல, நான் பாத்தேன்!" என்று ஆளுக்கு ஆள் சத்தியம். ஆக அந்த ஊரில் இருந்த அத்தனை தலைக்கட்டும் முதல் நாள்காரன். ரெண்டு மண்டை உடைந்தது. ஒரு வலை கிழிந்தது. ஒருத்தனுக்கு ஒரு காது பாதிதான் மிச்சம் என்று நான் சொல்லுவேன், உன் அம்மா இல்லை என்பாள். எப்படியோ, குலுக்கல் செல்லாது என்று ஆகிவிட்டது. உன் தாத்தா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். அந்தப் பார்வையில் சூளூர்ப்பேட்டை ரயில்வே ஸ்டேஷன் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அன்றைக்கு அவர் சாப்பிட உட்கார்ந்தபோது உன் அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாளாம்: "ஒரு எடத்துல நாலு பேருக்கு மேல கூடக் கூடாதுன்னுதானே நைனா சொல்றாங்க? தண்ணி ஒரு எடமா? அது பாட்டுக்கு நகந்துக்கினே கீது."

"பொம்பளைக்கு இன்னாத்துக்கு ஊர்ப் பேச்சு? மீனைப் போடு."

மறுநாள் காலையில் உன் தாத்தா பெரியவர் வீட்டுக்குப் போய், ராத்திரி முழுக்கத் தூங்காமல் தானே யோசித்த மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தண்ணி ஒரு எடமா?" என்று ஆரம்பித்தார். அம்மாடி, உன் வீட்டுக்காரர் நாளைக்கு உன் யோசனையைத் தன் யோசனை மாதிரிச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. உன் அம்மா அன்றைக்குக் கோபித்துக்கொண்டிருந்தால் நீ பிறந்திருக்கமாட்டாய். ஆனால் ரெண்டாவது தடவை சொன்னால் கோபித்துக்கொள். அதற்குள் என்னைப் போல ஆட்களுக்கு அது பழக்கமாகிவிடும்.

ஆக ஒரு காலையில், வெயில் நன்றாக ஏறினபிறகு, சட்டம் அனுமதித்த நேரத்தில், முந்நூறு படகு ஏரியில் இறங்கியது. ஒரு படகில் மூன்று பேர். நாலு கூட இல்லை, மூன்று, சர்க்காருக்கு ஒரு ஆள் தள்ளுபடி. பெரியவர் படகு நடுவில், அதில் பானை, உன் தாத்தா, கழி போடுகிற ஆள் ஒருத்தன். மற்ற படகெல்லாம் சுற்றி வட்டமாக, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தன. ஆயிரம் கண் அந்தப் பானை மேல். வட்டத்துக்கு வெளியே பூநாரைகள் லட்சம் இருக்கும், ஒற்றைக் காலில் நின்று கழுத்தை நீட்டி அவையும் பார்த்தன. அவற்றிடம் போய் நாலு பேருக்கு மேல் கூடாதே என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. பெரியவர் பானையைக் குலுக்கி, கையை உள்ளே விடப்போனார். அப்போது கரையில் விசில்.

எஸ்.ஐ. ஒரு படகைப் பிடித்து ஏட்டோடு ஏறி வந்தார். நடுவில் வந்து நின்று முறைத்தார். "என்னய்யா கூட்டம் இது?"

"கூட்டம் எங்க சார்? மீன் புடிக்கிறோம்."

"வலை எங்க?"

"தண்ணிக்குள்ள கீது சார். வலைன்னா அப்பிடித்தான்."

"பானை எதுக்கு?"

பெரியவருக்கு அவசரத்தில் "குடிக்கத் தண்ணி சார்" என்று வாயில் வந்துவிட்டது. வெயில், உப்புக்காற்று, காலையிலிருந்து கரையில் ஓடி ஓடி விசில் ஊதின தொண்டை. எஸ்.ஐ. "கொண்டாய்யா" என்று பானையை வாங்கி, சொம்பு தேடி, உள்ளே கையை விட்டார். தண்ணீருக்குப் பதிலாக ஒரு கிளிஞ்சல் வந்தது. அதை வெயிலில் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஊரே பார்த்தது. அதில் புதுசாகக் கீறியிருந்த அடையாளம் என்னுடையது.

அம்மாடி, சத்தம் எழும்பியது பார், பூநாரை லட்சமும் ஒரே நேரத்தில் எழும்பி வானம் பாதி சிவந்துபோனது, சூளூர்ப்பேட்டையில் ரயில் நின்றது. யார் கையால் எடுத்தால் என்ன என்று சொன்னேன் இல்லையா? எல்லாக் கண்ணும் பார்த்துவிட்டது. முதல் நாள் பாடு எனக்கு, அதுவும் சர்க்கார் கையாலேயே. அந்தச் சந்தோஷத்தில் மற்றவர்கள் மடமடவென்று பானையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து முடித்துவிட்டார்கள், எஸ்.ஐ. கண்ணெதிரேயே. அவருக்குப் புரிகிறதுக்குள் குலுக்கல் முடிந்துவிட்டது. புரிந்தபோது அவர் முகத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. சிரித்த ஊருக்கு நடுவில் காக்கிச்சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறவனுக்குத் திரும்பிப்போக ஒரு வழி வேண்டும். அந்த வழியை நாங்கள் விட்டுவைக்கவில்லை.

"யாருய்யா கூட்டினது? ஒருத்தன் முன்னால வந்தா மத்தவங்க போலாம். இல்லன்னா அத்தனை வலையும் பறிமுதல், இந்தக் குலுக்கலும் கிலுக்கலும் செல்லாது. நாட்டுல சண்டை நடக்குது, உங்களுக்கு விளையாட்டா?"

சிரிப்பு நின்றது. என் கல்யாணம், என் கிளிஞ்சல் என்று நினைத்து என் கை மெதுவாக மேலே போனது. இடுப்பு உயரம் போயிருக்கும். என் படகை ஒட்டி வந்திருந்த பெரியவர் படகிலிருந்து ஒரு மூங்கில் கழி நீண்டு வந்து என் கையைக் கீழே தட்டியது. கழிக்கு அந்தப் பக்கம் உன் தாத்தா. என்னைப் பார்க்காமல் எஸ்.ஐ.யையே பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துப் பேசினார்: "நாளைக்கு உன் மொறை. மொத நாள்ல வலை வெக்காதவனுக்கு பாடு கெடையாது. கையைக் கீழ போடு." அப்புறம் சத்தமாக, "நான்தான் சார் கூட்டினேன்" என்றார்.

"எதுக்குய்யா?"

"நாடு ஜெயிக்கணும்னுதான் சார் நாங்களும் வேண்டிக்கினு கீறோம். ஆனா யாரு எந்த நாள்ல வலை வெக்கறதுன்னு தெரியலன்னா எங்களுக்குள்ள சண்டை வரும். அந்தச் சண்டைக்கும் நீங்கதான் பட்டாளம் அனுப்பணும். அந்தச் செலவை மிச்சம் பண்ணேன்."

படகு மாறி ஏறும்போது என் பக்கம் குனிந்து, "உனுக்காகப் போறேன்னு நெனைக்காத. பாட்டுக்காகப் போறேன்" என்றார். ஏட்டு அவர் தோளைத் தொட்டு உட்காரவைத்தார். அந்தப் படகு கரை சேருகிற வரைக்கும் முந்நூறு படகும் அசையாமல் நின்றன. அப்போதுதான் முதல் தடவையாக நாங்கள் உண்மையிலேயே ஒரே இடத்தில் கூடியிருந்தோம், அதை யாரும் எண்ணவில்லை.

மறுநாள் நான் வலை வைத்தேன். பகல் எறா, ஒரு கூடை கூட இல்லை. ஆனால் பாடு என் பேரில் நிலைத்தது.

அவரைத் தாலுக்கா ஊர் சப்-ஜெயிலில் வைத்தார்கள். கேஸ் இல்லை, கோர்ட்டு இல்லை, எத்தனை நாள் என்று சொல்ல ஆள் இல்லை. சண்டைக் காலத்துச் சட்டம், வக்கீல் கிட்டே போனால் அவரே கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். அப்புறம் சண்டை முடிந்தது. ரேடியோவில் சொன்னார்கள், ஜெயித்துவிட்டோம். ஊரெல்லாம் மிட்டாய். நானும் உன் ஆயாவும் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினோம். உன் அம்மாவைப் பெற்ற ஆயா, எட்டு முழம் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள். "சார், சண்டைதான் முடிஞ்சிபோச்சே!" எஸ்.ஐ. எழுந்து நின்றார். அவருக்கும் மிட்டாய் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார். "சண்டை முடிஞ்சிடுச்சும்மா. ஆர்டர் வரல" என்றார். அந்த ஆர்டர் தை பிறந்தும் வரவில்லை. நாலு பேர் உத்தரவும் அப்படியே இருந்தது, அதை எடுக்கவேண்டும் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இதை மட்டும் மனசில் வை அம்மாடி. பறித்துக்கொள்கிறபோது தந்தி அடித்து வாங்குகிறார்கள், திருப்பிக் கொடுக்கிறது மாட்டுவண்டியில் வருகிறது. வீட்டுக்குள்ளும் அப்படித்தான். கோபத்தில் ஒருத்தருக்கு ஒன்றை வேண்டாம் என்று நிறுத்தினால், கோபம் தீர்ந்த அன்றைக்கே போய் எடுத்துவிடு. தானாகத் தீரும் என்று விட்டால் அது அங்கேயே சட்டமாக உட்கார்ந்துகொள்ளும்.

தையில் தாலி என்று அவர் சொன்ன வாக்கு. நாள் தள்ளலாம் என்று பெரியவர் சொன்னார். ஆயா அழுதாள். உன் அம்மாதான் பேசினாள்: "நைனா இல்லாம எனுக்குத் தாலி வேணாம். நாளும் தள்ள வேணாம். அவரு வரமுடியலன்னா நாம போலாம்."

அப்படியாக என் கல்யாணம் சப்-ஜெயில் பக்கத்துச் சந்தில் நடந்தது. சந்து சின்னது, உத்தரவு அதைவிடச் சின்னது. மாப்பிள்ளை ஒன்று, பெண் ரெண்டு, ஆயா மூன்று, தாலித்தட்டு பிடித்த பெரியவர் நாலு. அதோடு முடிந்தது. போட்டோக்காரன் வந்திருந்தான் அம்மாடி, கேமராவோடு வந்திருந்தான். அவன் ஐந்தாவது. தெருமுனையில் சோடா குடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டான். என்னைப் பெற்ற அம்மாவே எதிர்க்கடையில் கத்தரிக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தாள், ஒரே கத்தரிக்காயை முகூர்த்தம் முடிகிற வரைக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊர் மொத்தமும் அன்றைக்கு அந்த டவுனில்தான் இருந்தது. டீக்கடையில் நாலு, சைக்கிள் கடையில் நாலு, பஸ் நிற்கிற இடத்தில் நாலு, ஒருத்தரை ஒருத்தர் முன்பின் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, எல்லோரும் புதுச்சட்டையில். சப்-ஜெயில் ஜன்னல் உயரத்தில் இருந்தது, இரும்புக் கம்பி, அதன் மேல் பொடிக்கண் வலை. உள்ளே உன் தாத்தா. அவரைக் கணக்கில் சேர்த்தால் ஐந்து ஆகிறதே என்று நான் பயந்தேன். "உள்ள கீறவன எவன்டா எண்றான், கட்டுடா" என்றார் பெரியவர்.

கட்டினேன். மேளம் இல்லை. எங்கேயோ ஒரு நாலு பேர் கும்பல் மொத்தமாக இருமியது, அதுதான் கெட்டிமேளம். காவலுக்கு நின்றவர் வானத்தில் ஏதோ தேடிக்கொண்டே ஆயா கொடுத்த மஞ்சள் அரிசி முடிச்சை வாங்கி முன்னாடியே உள்ளே கொடுத்திருந்தார்.

ஆக, சத்தியப்படி நம்ப முடியாததை எல்லாம் எழுதிவிட்டேன். உனக்கு எதெது பிடிக்கவில்லையோ அதையெல்லாம் தள்ளிவிடு. படகு முந்நூறு இல்லை, அதில் பாதி கூட வராது. பூநாரை லட்சத்தை நான் எண்ணவில்லை. பானைக்குள் கைவிட்டது எஸ்.ஐ.யா ஏட்டா என்று ஊரில் இன்றைக்கும் ரெண்டு கட்சி இருக்கிறது. ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவை, ரொம்பச் சின்னது. உன் தாத்தா உள்ளேயிருந்து கை நிறைய அரிசியை எடுத்து எங்கள் மேல் வீசினார். ஜன்னல் வலை பொடிக்கண். வீசினதெல்லாம் அவர் பக்கமே உதிர்ந்தது. இன்னொரு கை எடுத்து வீசினார், அதுவும் அவர் காலடியில். ஒரே ஒரு அரிசி மட்டும் எப்படியோ வலைக் கண்ணுக்குள் நுழைந்து வெளியே வந்து, உன் அம்மாவின் முன்வகிட்டில் விழுந்து நின்றது. அது நிஜம்.